படம் அழகாக இருந்தும் காமிக்ஸ் ஏன் நகர மறுக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: நாற்பது பக்கத்தில் சொந்தமாக ஒரு காமிக்ஸ் வரைந்திருக்கிறீர்கள். பார்த்தவர்கள் எல்லோரும் ஓவியத்தைப் பாராட்டுகிறார்கள், ஆனால் பத்துப் பக்கத்தைத் தாண்டி யாரும் படிக்கவில்லை. அதே நண்பர்கள் கறுப்பு-வெள்ளையில் வரும் டெக்ஸ் வில்லர் என்ற கௌபாய் காமிக்ஸின் குண்டு புத்தகத்தை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறார்கள். காமிக்ஸில் வேகம் எங்கிருந்து வருகிறது, ஓவிய பாணிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாக வரையத் தெரிந்த ஒருவர் கதை சொல்வதில் எங்கே தடுக்குகிறார் என்பதே உங்கள் உண்மையான கவலை என்று புரிந்துகொள்கிறேன். பக்கங்களை வடிவமைப்பதும், மொழிபெயர்ப்புக் காமிக்ஸின் பலூன்களில் தமிழ் வசனங்களைப் பொருத்துவதும், சித்திரக்கதை கற்க வருபவர்களுக்குச் சொல்லித் தருவதும் பல வருடங்களாக என் வேலை. உங்கள் பக்கங்களை நான் பார்க்கவில்லை. அதனால் உங்கள் கதையில் குறை இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியாது. இத்தகைய பக்கங்களில் வழக்கமாக எது தடுக்கும் என்பதைச் சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு ஷாட் எத்தனை நொடி ஓட வேண்டும் என்பதை எடிட்டர் முடிவு செய்துவிடுவார். காமிக்ஸில் நேரம் முழுக்க வாசகர் கையில். ஒரு கட்டத்தை (ஒரு படம் அடங்கிய சட்டத்தை) அரை நொடியில் தாண்டிப் போகலாம், இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். ஓவியரிடம் இருப்பது காகிதத்தின் இடம் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு வாசகரின் கண் எங்கே நிற்கட்டும், எங்கே ஓடட்டும் என்று தூண்டிவிட முடியும், அவ்வளவே. வசனம் நீண்டால் கண் நிற்கும். கோடுகள் நுணுக்கமாக இருந்தால் நிற்கும். யார் எவர் என்று குழம்பினாலும் நிற்கும், அது மட்டும் எப்போதுமே கெடுதல். ஆகவே ஓவிய பாணியை வேகத்துக்கு மேலே பூசுகிற அலங்காரமாக நினைக்காதீர்கள். வேகத்தைத் தீர்மானிப்பதே அதுதான். எல்லாக் கட்டங்களையும் ஒரே அளவு நுணுக்கத்தோடு வரைந்தால் எல்லாவற்றிலும் கண் ஒரே அளவு நேரம் நிற்கும், பத்தாம் பக்கம் வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். ஏன் களைத்தோம் என்று அவருக்கே சொல்லத் தெரியாது. 'படம் பிரமாதம்' என்று மட்டும் சொல்லிவிட்டு மூடி வைப்பார்.

டெக்ஸ் ஏன் ஓடுகிறது என்பதற்கு அதன் பிறப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. 1948-ல் இத்தாலியில் ஜியான் லூய்கி பொனெல்லி எழுத, அவுரேலியோ கலெப்பினி வரைந்து டெக்ஸ் தொடங்கியபோது, அது இன்று நாம் பார்க்கும் அளவில் வரவில்லை. பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசை கட்டங்கள் மட்டும் கொண்ட, நீளவாக்கிலான சின்னஞ்சிறு புத்தகமாக வந்தது. இரண்டு மூன்று கட்டம் பார்த்ததும் பக்கத்தைப் புரட்டியாக வேண்டும். அதனால் ஒவ்வொரு வரிசையும் கதையை ஓர் அடியாவது முன்னே தள்ளியாக வேண்டிய கட்டாயம். பிறகு அந்த வரிசைகளை மூன்று மூன்றாக அடுக்கித்தான் இன்றைய பக்க அளவே உருவானது. இன்றும் டெக்ஸின் பெரும்பாலான பக்கங்களில் மூன்று வரிசை, சுமார் ஆறு கட்டங்கள். ஒரு பக்கத்தை எடுத்து வரிசை வரிசையாக மறைத்துப் பாருங்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் யாரோ ஒருவர் வந்திருப்பார், ஏதோ ஒன்று கண்ணில் பட்டிருக்கும், ஒரு கேள்வி எழுந்திருக்கும். கட்டங்களின் அமைப்பு மாறாததால் எதை அடுத்துப் படிப்பது என்று வாசகர் யோசிக்கவே வேண்டாம். குதிரையில் வருவது டெக்ஸா, அவர் தோழர் கார்ஸனா என்பது நிழலுருவத்திலேயே தெரிந்துவிடும். கண்ணுக்குத் தடையே இல்லை.

தமிழ் வாசகர்களுக்கு இதைவிடப் பழகிய உதாரணம் இரும்புக்கை மாயாவி. பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் 1962-ல் தொடங்கிய தொடர் அது. ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஜெஸூஸ் பிளாஸ்கோ வரைந்தது. 1972-ல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக அதைத்தான் கொண்டுவந்தது. வாரத்துக்குச் சில பக்கங்கள் மட்டுமே வந்த கதை என்பதால், அந்தச் சில பக்கங்களின் முடிவில் ஓர் ஆபத்தோ அதிர்ச்சியோ நிச்சயம் இருந்தாக வேண்டும். அடுத்த வாரம் வாசகர் திரும்பி வர வேண்டுமே. அவற்றையெல்லாம் சேர்த்து ஒரே புத்தகமாக நாம் படித்தபோது, சில பக்கங்களுக்கு ஒருமுறை நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு பழைய வாரங்களின் தழும்பு. இதைவிட முக்கியமானது இன்னொன்று. மின்சாரம் பாய்ந்ததும் மாயாவியின் உடல் மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அல்லவா? அந்தக் கட்டங்களில் பிளாஸ்கோ வரைந்தது ஒரு கையை மட்டும்தான். அந்தரத்தில் ஒரு கை, எதிரே வெளிறிப்போன ஒரு முகம், நடுவில் வெற்றுக் காகிதம். தோள் எங்கே, கால் எங்கே, இப்போது குனிந்திருக்கிறாரா நிமிர்ந்திருக்கிறாரா என்பதை வாசகன் தன் மனதில் வரைந்துகொண்டான். புகைப்படம் போல நிழலும் வெளிச்சமும் தீட்டத் தெரிந்த ஓவியர், மிகவும் விறுவிறுப்பான இடத்தில் வரையாமல் விட்டார். படிப்பவனுக்கு அங்கே வேலை கிடைத்தது, அதனால் ஒட்டிக்கொண்டான்.

கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையிலுள்ள வெள்ளை இடைவெளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. அமெரிக்க ஓவியரான ஸ்காட் மெக்ளவுட் 1993-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை விரிவாகப் பேசினார். ஓங்கிய கோடரி ஒரு கட்டத்தில், நகரத்தின் மேல் எழும் அலறல் அடுத்த கட்டத்தில். வெட்டியது யார்? வாசகர்தான் என்றார். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் விதங்களை அவர் ஆறாகப் பிரித்துக் காட்டினார். கண் சிமிட்டும் நேரம் நகர்வது, ஒரு செயலிலிருந்து அடுத்த செயலுக்குப் போவது, ஓர் ஆளிலிருந்து இன்னோர் ஆளுக்கு, ஓர் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு, நேரம் அசையாமல் ஒரே இடத்தின் பல பகுதிகளைச் சுற்றிக் காட்டுவது, கடைசியாக ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத தாவல். உங்கள் பக்கங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். புதிதாக வரைபவர்கள் பலர் சண்டைக் காட்சியில் ஒவ்வோர் அசைவையும் வரைந்துவிடுகிறார்கள். கை ஓங்குவது, கை இறங்குவது, அடி விழுவது, தலை திரும்புவது, ஆள் சாய்வது. வாசகருக்கு மிச்சம் எதுவும் இல்லை. சண்டை நீளமாகிறது, ஆனால் அடி விழுந்ததாகவே தோன்றுவதில்லை.

அசைவைத் துண்டு துண்டாக்கினால் எப்போதும் மந்தமாகிவிடும் என்று இதற்கு அர்த்தம் கொள்ள வேண்டாம். அதைச் சரியான இடத்தில் செய்து காட்டியவர் பெர்னார்ட் க்ரிக்ஸ்டீன். 1955-ல் அமெரிக்காவின் இ.சி. காமிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'இம்பாக்ட்' முதல் இதழில் 'மாஸ்டர் ரேஸ்' என்றொரு கதை. சுரங்க ரயிலில் உட்கார்ந்திருக்கும் ஒருவன், எதிரில் ஏறும் ஓர் அந்நியனைப் பார்த்து நடுங்குகிறான். நாஜி வதைமுகாமின் நினைவுகள் எழுகின்றன. அந்நிறுவனத்தில் வசனங்களை முதலிலேயே பக்கத்தில் எழுதி, கட்டங்களையும் கோடு போட்டுத்தான் ஓவியரிடம் தருவார்கள். க்ரிக்ஸ்டீனுக்குக் கிடைத்தவை ஆறு பக்கங்கள். போதாது என்று கேட்டு எட்டுப் பக்கங்கள் வாங்கினார். வந்த பக்கங்களை வெட்டி, வசனங்களை வேறு வேறு இடங்களில் ஒட்டி, ஒரு கட்டத்துக்கான இடத்தில் மூன்று நான்கு ஒல்லியான கட்டங்களைச் செருகினார். கதையின் முடிவில் அந்த ஆள் பிளாட்பாரத்தில் ஓடித் தடுமாறி விழுகிறான். விழுவது ஒரு நொடிதான். அந்த நொடியை அவர் குறுகிய கட்டங்களாக நறுக்கி வைத்திருக்கிறார். பிறகு ரயில் கடக்கிறது. ஜன்னல்களில் தெரியும் முகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக, பக்கவாட்டில் இழுபட்டது போலத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். முகங்களில் அடையாளமே இல்லை, வெறும் கோடுகள். நடந்த கொடூரம் நேராகக் காட்டப்படவில்லை. கதை முழுக்க ஒரே இடத்தில், அதுவும் அந்த நொடிக்குள் ஒரு வாழ்க்கை அடங்கியிருக்கும் இடத்தில் மட்டும், நேரத்தை இழுத்தார். கட்டத்தின் அகலமும் கோட்டின் தன்மையும் சேர்ந்தே அதைச் சாதித்தன. அகலத்தை மட்டும் குறைத்துவிட்டு முகங்களைத் துல்லியமாக வரைந்திருந்தால் அந்த ரயில் நின்றுபோயிருக்கும்.

மங்கா என்னும் ஜப்பானியக் காமிக்ஸை வரையும் ஓவியர்கள் இந்த இழுப்பை வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். வாரா வாரம் சுமார் 19 பக்கம் தர வேண்டியிருப்பதும், பின்னால் தொகுப்புகளாகப் பல நூறு பக்கங்கள் கிடைப்பதும் அதற்கு இடம் கொடுத்தன. டகேஹிகோ இனோவே 1990 முதல் 1996 வரை வரைந்த கூடைப்பந்துக் கதையான 'ஸ்லாம் டங்க்'கின் கடைசிப் போட்டியைப் பாருங்கள். இறுதி நொடிகளில் வசனம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஓடும் கால், திரும்பும் கண், வியர்வை, பந்து. படிக்க எழுத்து இல்லாததால் கண் பக்கத்தில் தங்க முடியாமல் பாய்கிறது. ஆட்டத்தின் நேரம் நீள்கிறது, படிக்கும் வேகமோ கூடுகிறது. தொடக்கத்திலிருந்து ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு வீரர்கள் கை தட்டிக்கொள்ளும் படம் விரிந்த இரட்டைப் பக்கமாக வரும்போது, அதுவரை ஓடிய கண் சட்டென்று நிற்கிறது. அங்கே நிற்க வைப்பதற்காகத்தான் அத்தனை பக்கம் ஓட விட்டார்.

நிற்க வைக்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில் டின்டினைப் படைத்த எர்ஜேவுக்கு நிகர் குறைவு. டின்டின் 1929-ல் ஒரு பெல்ஜிய நாளிதழின் சிறுவர் இணைப்பில் வாரத்துக்கு இரண்டு பக்கமாகத் தொடங்கியது. பக்க முடிவில் ஒரு கொக்கி போடும் பழக்கம் அங்கேயே ஊறியது. திபெத்துக்குப் போகும் கதையின் ஆரம்பத்தில் ஒரு ஹோட்டல் கூடம் வரும். டின்டின் சதுரங்கம் ஆடியபடியே கண்ணயர்ந்துவிடுகிறான். சின்னக் கட்டங்கள், அமைதியான மாலை. திடீரென்று நண்பனின் பெயரைக் கத்திக்கொண்டு எழுகிறான். அந்தக் கத்தலுக்கு ஒரு பெரிய கட்டம். கூடத்திலுள்ள ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் தூக்கிவாரிப்போட்டு நிற்கிறார்கள். அந்தக் கட்டத்தை ஒரு நிமிடம் பார்க்கலாம். எர்ஜேவின் சுத்தமான, ஒரே தடிமனுள்ள கோடு இங்கேதான் உதவுகிறது. இத்தனை பேர் இருந்தும் யாரும் யார் மேலும் கலங்கவில்லை. டின்டினின் முகத்தையும் கவனியுங்கள். இரண்டு புள்ளிக் கண்கள், ஒரு சின்ன மூக்கு. சுற்றியுள்ள கட்டடங்களும் வண்டிகளும் அசலைப் பார்த்து வரைந்தவை. முகம் எளிமையாக இருப்பதால் படிப்பவர் தன்னையே அதில் வைத்துக்கொள்கிறார் என்பது மெக்ளவுட்டின் கருத்து. அது அழகான விளக்கம்தான், நிரூபணமான உண்மையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எளிய முகத்தில் உணர்ச்சியைச் சட்டென்று படிக்க முடிகிறது என்பதை மட்டும் நான் தயங்காமல் சொல்வேன்.

உங்களுக்கு அதிகம் பயன்படக்கூடியது ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மௌஸ்' என்று நினைக்கிறேன். யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து, தன் தந்தை வதைமுகாமில் உயிர் பிழைத்த கதையைச் சொன்னவர். 1992-ல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற படைப்பு அது. அதற்கு முன்னோட்டமாக 1972-ல் அவர் வரைந்த மூன்று பக்கக் கதையில் எலிகள் அடர்ந்த கோடுகளோடு, நுணுக்கமான நிழலோடு இருக்கும். அவரால் அப்படி வரைய முடியும். நீண்ட புத்தகத்துக்கு வந்தபோது அதைக் கைவிட்டார். வழக்கமாக ஓவியர்கள் பெரிதாக வரைந்து அச்சில் சிறிதாக்குவார்கள், கோடு கூர்மையாகும். அவரோ அச்சில் வரும் அதே அளவிலேயே, சாதாரண மைப்பேனாவால் வரைந்தார். கை எழுதுவது போலவே கையின் நடுக்கமும் தெரியட்டும் என்று விட்டார். எலிகளின் முகங்கள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அவர் திறமையைக் காட்டியிருந்தால் நாம் ஓவியத்தைப் பார்த்து வியந்துகொண்டிருப்போம், தந்தை சொல்வது காதில் விழுந்திருக்காது.

கட்ட அமைப்பைப் பொறுத்தவரை, பக்கத்துக்குப் பக்கம் புதுமை செய்ய வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சாய்ந்த கட்டம், உடைந்த கட்டம், கட்டத்தை விட்டு வெளியே பாயும் கால். எப்போதாவது செய்தால் அருமை. டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'வாட்ச்மென்' (1986-87) பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது சம கட்டங்கள் என்ற அமைப்பிலேயே போகும். மிருதங்கக்காரர் எவ்வளவு கணக்குப் போட்டாலும் கையில் ஆதிதாளம் ஓடிக்கொண்டிருப்பது போல அது பின்னால் ஓடுகிறது. இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினாலே நமக்கு உறைக்கும். பதினொரு இதழ்கள் அப்படிப் பழக்கிவிட்டுத்தான் 12-வது இதழின் தொடக்கத்தில் அடுத்தடுத்து முழுப்பக்கச் சித்திரங்களை வைத்தார்கள், பேரழிவைக் காட்ட. முதல் இதழிலேயே முழுப்பக்கங்களைச் செலவழித்திருந்தால் அந்த இடத்தில் கையில் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எது உறுதி, எது வாதத்துக்குரியது என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். கட்டங்களை எந்த வரிசையில் கண் படிக்கிறது என்பது பற்றி நீல் கோன் போன்ற அறிவியல் ஆய்வாளர்கள் சோதனைகள் செய்திருக்கிறார்கள். பொதுவாக இடமிருந்து வலம், பிறகு கீழே. ஆனால் இடப்பக்கம் மேலும் கீழுமாக இரண்டு சிறு கட்டங்கள், வலப்பக்கம் அவற்றின் மொத்த உயரத்துக்கு ஒரே நெடிய கட்டம் என்று வைத்தால், பெரும்பாலானோர் முதலில் கீழே இறங்கிவிட்டுத்தான் வலப்பக்கம் வருவார்கள். இது நம்பி வேலை செய்யக்கூடிய விஷயம். நெடிய கட்டத்தை இரண்டாவதாகப் படிப்பார்கள் என்று நினைத்து வரைந்தால் கதை அங்கேயே குழம்பும். அதே கோன், வாசகரின் வேலை முழுக்க இடைவெளியில்தான் நடக்கிறது என்ற மெக்ளவுட்டின் கருத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு கட்டமும் வாக்கியத்தில் ஒரு சொல்லைப் போல முழு வரிசையில் தனக்கென ஒரு பங்கு வகிக்கிறது என்பது அவர் வாதம். வரைபவர்களுக்கு இரண்டுமே உதவும், விவாதம் இன்னும் முடியவில்லை. 'அகலமான கட்டம் என்றால் அதிக நேரம்' என்று பல கையேடுகளில் விதி போலப் போட்டிருப்பார்கள். அதை விதியாக நம்ப வேண்டாம். அகலமான, ஆனால் வெறிச்சோடிய ஒரு கட்டத்தை வாசகர் நொடியில் தாண்டுவதை நான் எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கொரியாவில் 2000-களில் வளர்ந்த வெப்டூன் என்னும் இணையக் காமிக்ஸ் மட்டும் ஓரளவு விதிவிலக்கு. அங்கே மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே போவதால், இரண்டு படங்களுக்கு இடையே விடும் வெற்றிடம் நிஜமாகவே விரல் கடக்க வேண்டிய தூரம். நீங்கள் அச்சுக்காக வரைந்திருப்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

தமிழில் வரைபவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது எழுத்து. நம் சொற்கள் நீளமானவை, எழுத்துகள் அகலமானவை. ஆங்கிலத்தில் மூன்று வரியில் அடங்கிய பலூனுக்குள் தமிழைப் பொருத்தும்போது நான் ஒவ்வொரு முறையும் வசனத்தைச் சுருக்கியாக வேண்டியிருக்கிறது. சுருக்காவிட்டால் எழுத்து பொடிசாகி, துரத்தல் காட்சியில் வாசகர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படிப்பார், துரத்தல் நின்றுவிடும். பலர் படத்தை முடித்த பிறகுதான் வசனத்துக்கு இடம் தேடுகிறார்கள். பென்சில் நிலையிலேயே பலூனையும் வரைந்து, இறுதி அளவில் வசனத்தை எழுதிப் பாருங்கள். முதல் பலூன் இடது மேல் மூலையில் இருந்தால், அதைப் பேசுபவரும் இடப்பக்கம் நிற்க வேண்டும். பேசுபவரைச் சுட்டும் பலூனின் வாலை நீட்டிக் குறுக்கே விட்டால் கண் திரும்பிப் போய்த் தேடும்.

இப்போது உங்கள் நாற்பது பக்கங்கள். புதிதாக ஒன்றும் வரைய வேண்டாம். பக்கங்களை உள்ளங்கை அளவுக்குச் சிறிதாக அச்சிட்டு, வசனம் இல்லாமல் தரையில் வரிசையாகப் பரப்புங்கள். அந்த அளவிலும் யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாத கட்டங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், குழப்பம் அங்கேதான். எல்லாப் பக்கமும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், நுணுக்கத்தை எங்கும் சமமாகத் தூவியிருக்கிறீர்கள். வாசகர் நின்றே ஆக வேண்டிய நான்கைந்து கட்டங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றை அப்படியே விடுங்கள். மற்றவற்றில் பின்னணியைக் குறையுங்கள், சிலவற்றில் முழுவதுமே எடுத்துவிடுங்கள். முகங்களில் கோட்டைக் குறையுங்கள். பிறகு இடப்பக்கம் வலப்பக்கம் சரியாக வரும்படி நூலால் தைத்து, கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவரிடம் கருத்துக் கேட்க வேண்டாம். எந்தப் பக்கத்தில் விரல் நிற்கிறது, எங்கே முந்தைய பக்கத்துக்குத் திரும்புகிறார், எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைக்கிறார் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று பக்க எண்களோடு பக்கங்களையும் இங்கே பதிவிட்டால், மேலே பொதுவாகச் சொன்னதைவிடத் தெளிவாகச் சொல்கிறேன்.